பச்சைச் சீலை மேசை

அந்தச் சீலை வீட்டுக்கு வந்த சனிக்கிழமையிலிருந்து ஐறீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டாஞ்சேனையில், லூசியா கோவிலுக்குப் பின்புறம் இருந்த இரண்டறை வீட்டில், கட்டிலுக்கு அடியில் கிடந்த றங்குப்பெட்டியை அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று தரம் இழுத்துத் திறந்துவிட்டாள். கரும்பச்சை வொயில். ஓரத்தில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு. தொட்டுப் பார்ப்பாள், பழையபடி கடதாசியில் சுற்றுவாள், பெட்டியைத் தள்ளுவாள், அடுப்படிக்குப் போவாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பவும் வருவாள். கப்பலடியில் மூட்டை தூக்கும் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் வின்சன்ற், பெட்டிக்குள் பாம்பு கிம்பு புகுந்துவிட்டதா என்று கேட்டான்.

அவள் வேலை செய்தது கிராண்ட்பாஸ் பக்கம் இருந்த ஒரு தேயிலை ஸ்டோரில். கால் இறாத்தல் பக்கற்றுகளில் தேயிலை அடைக்கும் வேலை. நீளமான அந்தக் கட்டடத்தில் ஏழு மேசைகள், மேசைக்கு நாலு பெண்கள். ஒருத்தி நிறுப்பாள், ஒருத்தி பக்கற்றில் கொட்டுவாள், ஒருத்தி வாயை மடிப்பாள், ஒருத்தி பசை பூசி லேபல் ஒட்டுவாள். நூறு பக்கற் சேர்ந்தால் ஒரு பெட்டி. ஐறீனின் மேசையில் தராசு அவளுடையது. கொட்டுவது சோமாவதி. வத்தளையிலிருந்து வருகிற சிங்களப் பெண், தமிழ் நன்றாக விளங்கும், பேச வேண்டுமென்றால் பாதியில் சிங்களத்துக்குப் போய்விடுவாள். மடிப்பது டோரின். இருபத்தொரு வயது, விரல்கள் பறக்கும். லேபல் ஒட்டுவது சீனியம்மா. மலைநாட்டிலிருந்து புருஷனோடு கொழும்புக்கு இறங்கி, புருஷன் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு இங்கேயே தங்கிவிட்டவள். ஆறு வருஷமாக நாலு பேரும் ஒரே மேசைதான்.

கிறிஸ்மஸ் சீலை ஸ்டோரில் புதிய விஷயமல்ல. கடைசிப் பன்னிரண்டு வாரத்தில் ஒவ்வொரு வாரமும் நூற்றிருபது பெட்டி கட்டுகிற மேசைக்குக் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் ஆளுக்கொரு சீலை. இரண்டு வாரம் தவறினால் பொறுத்துக்கொள்வார்கள், மூன்றாவது வாரம் தவறினால் இல்லை. போன வருஷம் ஏழில் இரண்டு மேசைக்குத்தான் கிடைத்தது. ஐறீனின் மேசை ஐந்து வாரம் தவறியது. தவறியதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சீனியம்மா லேபல் ஒட்டிக்கொண்டே தேயிலைத் தோட்டத்துக் கதைகளைச் சொல்லுவாள். ஒரு கங்காணிக்கு இரண்டு பெண்சாதிகள் இருந்து இருவரும் ஒரே நாளில் கோபித்துக்கொண்டு போன கதையை நாலு நாளுக்கு இழுத்தாள். சீலை போனால் போகட்டும் என்று டோரினே சொன்னாள். கிடைத்த மேசைக்காரிகளைப் பார்த்து இவர்கள் பொறாமைப்படவும் இல்லை.

இந்த வருஷம், 1937ல், புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். ஒக்டோபர் முதல் சனிக்கிழமை சம்பளம் கொடுத்த கையோடு எல்லோரையும் நிற்கச் சொன்னார்கள். இருபத்தெட்டுப் பேருக்கும் இருபத்தெட்டுச் சீலை. மேசைக்கொரு நிறம். ஐறீனின் மேசைக்குப் பச்சை. துரை இங்கிலீஷில் சொன்னதைக் கிளாக்கர் கிளறன்ஸ் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். சீலை இன்றைக்கே உங்களுடையது. உடுக்கலாம், வெட்டலாம், தைக்கலாம். கிறிஸ்மஸுக்கு முன் ஒரு மேசை மூன்று வாரம் நூற்றிருபதுக்குக் கீழே போனால், அந்த மேசையின் நாலு சீலையும் திரும்பி வர வேண்டும். திரும்பி வராத சீலையின் விலை சம்பளத்தில் பிடிக்கப்படும்.

கிளறன்ஸ் ஐறீனின் பங்குக்காரர், அதே கோவிலில் பூசை காண்பவர். வெளியே வரும்போது அவள் அவரிடம் இது என்ன புதுமை என்று கேட்டாள்.

"ஒரு புதுமையும் இல்லை, ஐறீன். போன வருஷமும் நூற்றிருபது, இந்த வருஷமும் நூற்றிருபது. முந்திக் கடைசியிலை தந்தம், இப்ப முதலிலை தாறம். கணக்கு ஒண்டுதான்."

கணக்கு ஒன்றுதான் என்று அவளுக்கும் பட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை, மணி அடிக்க முன்பே ஏழு மேசையும் நிரம்பியிருந்தது. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஏப்ரனைக் கட்டினார்கள். பகல் மணிக்குக் கை கழுவப் போனவர்கள் பாதிச் சோற்றோடு திரும்பினார்கள். மஞ்சள் மேசை எழுந்தால் நீல மேசை எழுந்தது. நீல மேசை உட்கார்ந்தால் பச்சை மேசையால் நிற்க முடியவில்லை. சுவரில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள், மேசைக்கொரு கட்டம். பெட்டி போகப் போகக் கிளறன்ஸ் சோக்கட்டியால் கோடு போட்டார். தராசில் முள் நடுவுக்கு வருமுன்னமே ஐறீனின் கண் பலகைக்குப் போய்விடும். அந்த வாரம் நூற்றிருபத்தெட்டு. அடுத்த வாரம் நூற்றிருபத்தாறு. சீனியம்மா ஒரு கதை தொடங்கினாள், யாரும் 'ம்' கொட்டவில்லை, நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோவிலில் பாதி ஸ்டோர் நின்றது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக. ஐறீன் பழைய சீலையோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேர், உன்னுடைய சீலை எங்கே என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்ட தொனியில், உங்கள் மேசைக்குச் சீலை நிற்காது என்று உங்களுக்கே தெரியுமா என்ற கேள்வியும் இருந்தது. அன்று பின்னேரமே ஐறீன் ஜம்பட்டா வீதிக்குப் போய் அந்தச் சீலைக்கேற்ற சட்டைத்துணி வாங்கி, அளவு கொடுத்துத் தைக்கப் போட்டாள். வீட்டு வாடகைக்கு வைத்திருந்ததில் எடுத்த காசு. அடுத்த ஞாயிறு பச்சை உடுத்துக்கொண்டு நடுப்பாதையால் போனாள். இனி அது துரை தந்த சீலை அல்ல, தன் சீலை.

மூன்றாவது வாரம் சீனியம்மாவுக்கு நகச்சுற்று வந்தது. பசையில் பூச்சி பிடியாமலிருக்கத் துருசு கலப்பார்கள், அது நகக்கண்ணில் ஏறியிருக்க வேண்டும். வலது கை ஆள்காட்டி விரல் எலுமிச்சங்காய் மாதிரி வீங்கியது. உண்மையாகவே ஒரு எலுமிச்சங்காயைத் துளைத்து விரலில் செருகிக்கொண்டு வந்தாள். இடது கையால் பசை பூசினாள். லேபல் கோணியது, கோணினால் உரித்துத் திரும்ப ஒட்ட வேண்டும். மடித்த பக்கற்றுகள் அவளுக்கு முன்னால் குவிந்தன. டோரின் குவியலைப் பார்ப்பாள், பலகையைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். அந்த வாரம் நூற்றுப்பதினேழு. அடுத்த வாரம் எல்லோரும் மாறி மாறி லேபல் ஒட்டிக்கொடுத்தும் நூற்றுப்பதினெட்டு. பலகையில் பச்சைக் கட்டத்துக்குள் இரண்டு பெருக்கல் குறி விழுந்தது.

சனிக்கிழமை கைகழுவும் பைப்படியில் டோரின் ஐறீனைப் பிடித்தாள். கிறிஸ்மஸுக்கு அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மோதரைக்காரர், சீலையைப் பற்றி அவள் தாய் ஏற்கனவே அவர்களிடம் சொல்லியாயிற்று. சீனியம்மாவை வேறு வேலைக்குப் போடச் சொல்லிக் கிளாக்கரிடம் அக்காதான் கேட்க வேண்டும், அக்காதான் மூத்தவள் என்றாள். விரல் ஆறும்வரைக்கும் மட்டும்தானே. சோமாவதி பக்கத்தில் நின்று முகத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஐறீன் கேட்டாள். விரல் ஆறும்வரைக்கும் என்பதை இரண்டு தரம் சொன்னாள். கிளறன்ஸ் புத்தகத்தைத் திறந்து எழுதினார். மேசையில் இல்லாதவருக்குச் சீலை இல்லை என்று எழுதிக்கொண்டே சொன்னார். அது ஐறீனின் காதில் விழுந்தது. கேட்ட பிறகும் சரி என்றாள்.

திங்கட்கிழமை சீனியம்மாவின் கையில் விளக்குமாறு இருந்தது. கூட்டுகிறவர்களுக்கு நாளுக்குப் பத்துச் சதம் குறைவு. அவளுடைய இடத்துக்குக் களஞ்சியத்திலிருந்து பிலோமினா என்றொரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல வேகக்காரி. அந்த வாரம் நூற்றுமுப்பத்துமூன்று.

தேயிலைத் தூள் மேசைக்கு அடியில்தான் அதிகம் சேரும். நாளைக்கு நாலு தரம் சீனியம்மா வந்து குனிவாள்.

"காலைத் தூக்குங்கம்மா" என்பாள்.

அவ்வளவுதான். குரலில் கோபமும் இல்லை, பாசாங்கும் இல்லை. நாலு பேரும் காலைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள், விளக்குமாறு சர் சர்ரென்று போகும். அந்த நேரத்தில் ஐறீன் ஒரு நாளும் சரியாக நிறுத்ததில்லை. இரண்டு தரம் முள்ளைத் தட்டிவிட்டுப் பக்கற்றைத் திரும்ப அவிழ்க்க வேண்டி வந்தது.

சீனியம்மாவின் சீலையைக் கிளறன்ஸ் திருப்பிக் கேட்டபோதுதான் மற்ற விஷயம் வெளியில் வந்தது. சீனியம்மாவிடம் சீலை இல்லை. வந்த மறுநாளே அதை இரண்டாகக் கிழித்து மகள்மார் இருவருக்கும் தாவணி ஆக்கிவிட்டாள். துரை வெட்டலாம் என்று சொன்னாரே. ஆக, விலை சம்பளத்தில் பிடிபட்டது. கூட்டுகிற சம்பளத்தில். கிளறன்ஸ் இதை ஐறீனிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். அவள் அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பேக்கரியில் பாண் வாங்க மறந்து திரும்பி நடந்தாள், கடையடிக்கு வந்து எதற்கு வந்தோமென்று மறந்து நின்றாள்.

வின்சன்றிடம் சொன்னாள். அவன், கப்பலடியில் தங்கள் கூட்டத்தில் ஒருவன் முதுகைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் மூட்டையைப் பிரித்துச் சுமப்பார்கள் என்றான். நாங்களும் சுமந்தோம், ஒரு வாரம் சுமந்தோம் என்று அவள் சீறினாள். அவன் மேலே பேசவில்லை. அவளுக்கு அவன் பேசியிருந்தால் நல்லது போலிருந்தது.

பச்சை மேசை செய்ததை மற்ற மேசைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அதற்கு முன் ஸ்டோரில் ஒரு மேசை தன் ஆளைத் தானே வெளியே தள்ளியதில்லை. செய்யலாம் என்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நவம்பர் நடுவில் சிவப்பு மேசை தன்னுடைய மாசமான பெண்ணை மாற்றக் கேட்டது. மூன்று நாள் கழித்து மஞ்சள் மேசை, கண் மங்கலான ஒரு கிழவியை. அடுத்து நீலம். இத்தனை பேருக்குக் கூட்டுகிற வேலை இல்லை. கிழவியை வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அவள் இரண்டு நாள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள், மூன்றாம் நாள் வரவில்லை. உள்ளே போகிறவர்கள் அவளைக் கடந்துதான் போக வேண்டும். ஐறீன் முதல் நாள் நின்று ஏதோ கேட்டாள். இரண்டாம் நாள் சேர்ந்து வந்த கூட்டத்துக்குள் புகுந்து போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பச்சையை உடுத்துக்கொண்டு கோவிலுக்குப் புறப்பட்டவள் வாசலில் நின்று, திரும்பி உள்ளே வந்து, அவிழ்த்துப் பழையதை உடுத்தாள். பிறகு அதற்கும் ஆத்திரம் வந்தது. திங்கட்கிழமை கிளறன்ஸிடம் போய், விரல் ஆறிவிட்டது, சீனியம்மாவை மேசைக்கு விடுங்கள் என்றாள்.

விரல் முழுக்க ஆறவில்லை. சீழ் போய்விட்டது, ஆனால் மடங்காது. அது கிளறன்ஸுக்கும் தெரியும். உங்களுக்கு இன்னும் ஒரு குறிதான் மிச்சம், அவ வந்தால் அது விழும், அதற்கு மேசையில் மற்ற இருவரும் சம்மதமா என்று கேட்டார். புதிதாக வந்த பிலோமினாவுக்குச் சீலை கிடையாது, அதனால் அவளைக் கேட்கத் தேவையில்லை.

பகல் சாப்பாட்டுக்கு மரநிழலில் உட்கார்ந்திருந்தபோது ஐறீன் கதையை எடுத்தாள். சீனியம்மாவுக்காக நாங்கள் எங்கள் சீலையைக் கொடுக்கலாமா என்றுதான் முதலில் கேட்டாள். கேட்கும்போதே அது பிழையான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது. டோரின் உடனே மாட்டேன் என்றாள். தன் நிச்சயதார்த்தச் சீலையை யாருக்கும் கொடுக்க முடியாது, அது பாவமுமல்ல என்றாள். சோமாவதி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஐறீன் எழுந்து இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"டோரின், நான் வேறை மாதிரிக் கேக்கிறன். போன வருஷம் எங்களுக்குச் சீலை இல்லை. அப்ப ஆராவது வந்து, சீனியம்மாவைக் கலைச்சு விடுங்கோ, உங்களுக்கு ஆளுக்கொரு சீலை தாறம் எண்டு சொல்லியிருந்தா என்ன செய்திருப்பம்?"

டோரின் சோற்றுக் கோப்பையை மூடினாள்.

"செருப்பாலை அடிச்சிருப்பம்" என்றாள் ஐறீன். "இப்ப செய்ததும் அதுதானே. ஒரு சீலைக்கு அவவை வித்தனாங்கள்."

டோரினின் கண் கலங்கியது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "போன வருஷம் அது என்ரை பெட்டிக்கை இருக்கேல்லை, அக்கா. இப்ப இருக்கு."

அதில் பொய் இல்லை. ஐறீனுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. சோமாவதி கையைக் கழுவிவிட்டு வந்தாள். "எனக்குச் சரி" என்றாள். பிறகு சிங்களத்துக்குப் போய், தானும் அன்று பைப்படியில் நின்றுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை என்றாள்.

டோரின் கிளறன்ஸிடம் போய்த் தன்னை நீல மேசைக்கு மாற்றக் கேட்டாள். ஒருத்தியை வெளியே விட்டு ஆள் குறைந்திருந்த நீல மேசை அவளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டது. பச்சை மேசையில் மடிப்பதற்குப் பிலோமினா நகர்ந்தாள். புதன்கிழமை காலை சீனியம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத் தன் பழைய இடத்துக்கு வந்தாள். யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. பசைச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு தொடங்கினாள்.

அந்த வாரம் எப்படியோ நூற்றிருபத்தொன்று வந்தது. ஐறீன் பலகையைப் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தாள், ஆனால் பார்த்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் பார்த்தாள். ஒருவேளை தப்பிவிடலாம், சீனியம்மாவும் இருக்கலாம், சீலையும் இருக்கலாம் என்று மனம் ஓடியது. அடுத்த வாரம் சனிக்கிழமை பின்னேரம் கடைசி மணி அடித்தபோது நூற்றுப்பதினாறு. கிளறன்ஸ் மூன்றாவது குறியைப் போட்டுவிட்டுச் சோக்கட்டித் தூளை ஊதினார்.

திங்கட்கிழமை ஐறீன் சீலையைத் தோய்த்து, மடித்துக் கொண்டுபோனாள். ஐந்து தரம் உடுத்தது. ஓரத்தில் மெழுகுதிரி சொட்டிய அடையாளம் ஒன்று போகவேயில்லை. கிளறன்ஸ் அதை விரித்துப் பார்த்துவிட்டு வாங்கிவைத்தார். பழைய சீலைகளை வைத்துத் துரை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டாள். தனக்குத் தெரியாது, துரைக்கும் தெரியாது என்று நினைக்கிறேன் என்றார் அவர். தைத்த சட்டை அவளிடமே இருந்தது. அதோடு சேர்ந்து உடுக்க வீட்டில் வேறு எந்தச் சீலையும் இல்லை. டோரின் நீல மேசைக்குப் போய்விட்டதால் அவளுடைய பச்சைச் சீலையைக் கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் பூசைக்கு ஐறீன் பழையதோடு போனாள். தான் செய்தது நல்ல காரியம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. முன்வரிசையில் மஞ்சளைக் கண்டால் வயிற்றெரிச்சல் வந்தது, அந்த எரிச்சலைக் கண்டு வெட்கம் வந்தது. இரண்டும் மாறி மாறி வந்ததில் பூசையின் பாதி காதில் ஏறவில்லை. டோரின் பச்சை உடுத்து மாப்பிள்ளை வீட்டாரோடு நின்றாள். கோவிலில் பச்சை அவள் ஒருத்திதான். கடந்துபோனவர்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்து இழுத்துத் தோளை மூடிக்கொண்டிருந்தாள். ஐறீன் பக்கத்தில் போய் வாழ்த்துச் சொன்னாள். டோரின் அவள் கையைப் பிடித்தாள், சொல்ல ஏதோ இருந்தது, மாமியார் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

தைமாதம் ஸ்டோர் திறந்த அன்று வேலை முடிந்து வரும்போது சீனியம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஐறீன் எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொண்டாள். கிராண்ட்பாஸ் ட்றாம் சத்தம் ஓயும்வரை இருவரும் நடந்தார்கள். பிறகு ஐறீன், சம்பளத்தில் இன்னும் எத்தனை வாரம் பிடிப்பார்கள் என்று கேட்டாள். ஏழு வாரம் என்றாள் சீனியம்மா. அதில் பாதி தானும் சோமாவதியும் தருவதாகப் பேசியிருப்பதாக ஐறீன் சொன்னாள். சீனியம்மா நடையை நிறுத்தவில்லை.

"குடுங்க, வாங்கிக்கிறேன். வேணாம்னு சொல்ற நெலமையில நா இல்ல." சற்றுத் தூரம் போன பிறகு சொன்னாள்: "ஆனா என்னய யாரோ மாத்தச் சொன்னாங்கன்னு கேட்டப்ப, டோரினாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு நாளா நெனச்சேன், அப்பறந்தான் நீங்கன்னு தெரிஞ்சிச்சு. அது எனக்கு மறக்காதும்மா."

ஐறீன் ஓம் என்றாள்.

சந்தி வந்ததும் சீனியம்மா வலப்புறம் திரும்பினாள். நாளைக்குப் பார்ப்போம் என்று எப்போதும் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள். ஐறீன் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். கைவண்டிக்காரன் ஒருவன் வழிவிடச் சொல்லிக் கத்தினான். ஒதுங்கி நின்று, பிறகு சந்தியைக் கடந்து, வின்சன்ற் வருவதற்கு முன் அடுப்பு மூட்ட வேண்டுமென்று வேகமாக நடக்கத் தொடங்கினாள்.